கொழுந்துக் கணக்கை ஃபயர்ஃபாக்ஸில் ஏற்றுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வெப்-எக்ஸ்ட் வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று நீலகிரியில் எந்தப் பக்கம் போனாலும் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். கால்குலேட்டர், வரவு செலவுப் பட்டியல் என்று நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் எழுதியது அவர்களுடைய மடிக்கணினியை விட்டு வெளியே போவதில்லை. "அண்ணா, இதை எங்க அப்பா கம்ப்யூட்டர்ல எப்படிப் போடுறது?" என்ற கேள்விக்குப் பாடப் புத்தகங்களில் பதில் கிடைப்பது அபூர்வம். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

வழிகள் பல இருக்கின்றன. எனக்குப் பிடித்த வழி, எழுதியதை ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷனாக, அதாவது பிரவுசரோடு சேர்ந்து இயங்கும் சின்ன நிரலாகக் கட்டிக் கொடுத்துவிடுவது. ஒருமுறை நிறுவிவிட்டால் அதன் கோப்புகள் எல்லாம் அந்தக் கணினியிலேயே இருக்கும், நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூரைப் பிடிக்கும்போதும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் இறங்கும்போதும் நெட் என்ன பாடுபடும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபயர்ஃபாக்ஸுக்கான எக்ஸ்டென்ஷன்களை ஓட்டிப் பார்க்க, சோதிக்க, பொட்டலம் கட்ட, கையொப்பம் வாங்க மோசில்லா தரும் கருவிதான் வெப்-எக்ஸ்ட். கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் சன்னலான டெர்மினலில் இயங்குவது. ரன், லின்ட், பில்ட், சைன் என்று நான்கு கட்டளைகள் தெரிந்தால் போதும். கருவி இலவசம், திறமூலம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கருவியின் பெயர் டபிள்யூ, இ, பி, பிறகு ஒரு கோடு, அப்புறம் இ, எக்ஸ், டி. நடுவில் இடைவெளி கிடையாது. சில சொற்களுக்கு முன்னால் இரண்டு கோடுகள் ஒட்டி வரும், அவற்றையும் அப்படியே தட்ட வேண்டும். வேர்டு கோப்பில் எழுதிவைத்து அங்கிருந்து காப்பி செய்யாதீர்கள். இரண்டு கோடுகளையும் அது ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும், கட்டளை ஓடாது.

என்ன செய்யப் போகிறோம்?

எடுத்துக்காட்டுக்கு ஒரு கொழுந்துக் கணக்கு. சிறு விவசாயி ஒருவர் முற்பகலில் பறித்த பச்சைத் தேயிலையின் எடை, பிற்பகலில் பறித்ததன் எடை, மழை நாளில் ஈரத்துக்காகக் கழிக்கும் சதவீதம், கிலோவுக்கு விலை ஆகிய நான்கையும் போட்டால் கையில் வர வேண்டிய தொகை தெரிய வேண்டும். போட்ட விவரம் மறுநாளும் இருக்க வேண்டும். பிரவுசரின் மேல்பட்டையில் ஒரு ஐகான், அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான்.

கொள்முதல் மையத்தில் தரும் சீட்டையும் வீட்டில் போட்ட கணக்கையும் ஒத்துப் பார்க்க இது உதவும். ஈரக் கழிவு பத்து சதவீதமா பன்னிரண்டா என்பதில் மாதக் கடைசியில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் எக்ஸ்டென்ஷன் இப்படி வீட்டில் யாராவது நாளும் தொடுகிற ஒன்றாக இருப்பது நல்லது. பயன்படுத்துகிறவர் பக்கத்திலேயே இருந்தால்தான் குறை என்னவென்று உடனே தெரியும்.

நெட் இருக்கும்போது செய்ய வேண்டியவை

முதலில் ஃபயர்ஃபாக்ஸ். அப்புறம் நோட் ஜேஎஸ், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள். நோட் ஜேஎஸ்ஸின் தளத்தில் எல்டிஎஸ் என்று குறிப்பிட்டிருக்கும் பதிப்பை எடுங்கள். கருவிகளை இறக்கி நிறுவித் தரும் என்பிஎம் அதோடு சேர்ந்தே வரும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் இப்போதைய நோட் அதில் ஏறாது. அதில் லினக்ஸ் போட்டுக்கொள்வதுதான் எளிய வழி, வேகமும் கூடும்.

நோட் ஏறியதும் இந்த வரி:

என்பிஎம் இன்ஸ்டால் --குளோபல் வெப்-எக்ஸ்ட்

விண்டோஸில் இதைப் பவர்ஷெல்லில் தட்டினால், ஸ்கிரிப்ட் ஓட்ட இந்தக் கணினியில் அனுமதி இல்லை என்று சிவப்பு எழுத்தில் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை. பவர்ஷெல்லை மூடிவிட்டுக் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து அதே வரியைத் தட்டுங்கள். லினக்ஸில் அனுமதிப் பிழை வந்தால் நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் சூடோ போட்டு முட்டிக்கொள்ள வேண்டாம். குளோபல் என்பதை எடுத்துவிட்டு, --சேவ்-டெவ் என்று கொடுத்து உங்கள் திட்டக் கோப்புறைக்குள்ளேயே நிறுவுங்கள். அப்போது ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் என்பிஎக்ஸ் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்-எக்ஸ்ட் --வெர்ஷன் என்று தட்டி ஓர் எண் வந்தால் வேலை முடிந்தது. இனி கையொப்பம் வாங்கும் கட்டம்வரை நெட் தேவையில்லை. மின்சாரம் போனாலும் பேட்டரி இருக்கும்வரை வேலை செய்யலாம்.

கோப்புறையும் மேனிஃபெஸ்ட்டும்

கொழுந்து என்று ஒரு கோப்புறை, அதற்குள் சோர்ஸ் என்று இன்னொன்று. எக்ஸ்டென்ஷனுக்குள் போக வேண்டியவை மட்டும் சோர்ஸில் இருக்கட்டும்: மேனிஃபெஸ்ட்.ஜேசன், பாப்அப்.எச்டிஎம்எல், பாப்அப்.ஜேஎஸ், ஒரு ஐகான். குறிப்புகள், படங்கள், சோதனைக்குப் போட்ட பழைய சீட்டுகளின் ஃபோட்டோ எல்லாம் வெளியே. ஏன் என்பது பொட்டலம் கட்டும்போது புரியும்.

மேனிஃபெஸ்ட்டில் நிதானம் வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான், ஜாவாஸ்கிரிப்ட் அல்ல. எக்ஸ்டென்ஷன் யார், என்ன பெயர், எந்தப் பதிப்பு, எந்தெந்த அனுமதி வேண்டும் என்று பிரவுசர் படித்துத் தெரிந்துகொள்வது இந்த ஒரு கோப்பிலிருந்துதான்.

மேனிஃபெஸ்ட் வெர்ஷன் என்பதற்கு 3 என்று கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் இதை 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது. 2 என்பதும் இன்னும் ஓடும், ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அங்கே போகத் தேவையில்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் பிரவுசர் ஆக்ஷன் என்று இருக்கும், அது 2க்கு உரியது. 3இல் வெறும் ஆக்ஷன். இரண்டையும் கலந்து எழுதினால் ஐகானே வராது.

நேம் என்ற இடத்தில் கொழுந்துக் கணக்கு என்று தமிழிலேயே கொடுக்கலாம். கோப்பை யூடிஎஃப்-8ஆகச் சேமித்திருந்தால் போதும். வெர்ஷன் 1.0.0 என்று தொடங்குங்கள். ஆக்ஷனுக்குள் டிஃபால்ட் பாப்அப் என்பதற்கு பாப்அப்.எச்டிஎம்எல். கூடவே டிஃபால்ட் ஏரியா என்பதற்கு நேவ்பார் என்று சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் ஐகான் மேல்பட்டையில் தெரியாமல், புதிர்த்துண்டு வடிவில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் மெனுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுப் பெரியவர்களிடம் கொடுக்கும்போது இந்த ஒரு வரி பெரிய உதவி. மேனிஃபெஸ்ட்டில் டிஃபால்ட் பாப்அப் போல இரண்டு மூன்று சொல்லாக வரும் புலப் பெயர்களுக்கு நடுவில் இடைவெளி விடக் கூடாது, அடிக்கோடுதான் போட வேண்டும்.

பெர்மிஷன்ஸ் என்ற பட்டியலில் ஸ்டோரேஜ் மட்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நகலெடுத்த எடுத்துக்காட்டில் இருந்தது என்பதற்காக டேப்ஸ், ஹிஸ்டரி, எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதி என்று அடுக்காதீர்கள். கொழுந்து எடையைப் பெருக்கிப் பார்க்கும் ஒரு பெட்டிக்கு ஒருவருடைய வங்கிப் பக்கத்தைப் படிக்கும் உரிமை எதற்கு? நிறுவும்போது ஃபயர்ஃபாக்ஸ் இந்த அனுமதிகளைக் காட்டிக் கேட்கும். நம்பித் தரும் மனிதரிடம் தேவைக்கு மேல் கேட்பது சரியல்ல. ஸ்டோரேஜுக்குத் தனி எச்சரிக்கை எதுவும் வராது.

கடைசியாக பிரவுசர் ஸ்பெசிஃபிக் செட்டிங்ஸ், அதற்குள் கெக்கோ, அதற்குள் ஐடி. ஐடி பார்ப்பதற்கு மின்னஞ்சல் முகவரி போல நடுவில் ஒரு அட் குறியோடு இருக்கும், உண்மையான முகவரியாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தில் கொழுந்து@கோத்தகிரி என்பது போல ஒன்று வைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு மாற்றாதீர்கள். ஐடி மாறினால் ஃபயர்ஃபாக்ஸுக்கு அது வேறு எக்ஸ்டென்ஷன். பழையது ஒரு பக்கம் இருக்கும், புதியது ஒரு பக்கம் நிற்கும், சேர்த்துவைத்த கணக்கு புதியதில் வராது. மேனிஃபெஸ்ட் 3இல் ஐடி இல்லாமல் கையொப்பமும் கிடைக்காது.

கெக்கோவுக்குள்ளேயே இன்னொன்றும் வேண்டும்: டேட்டா கலெக்ஷன் பெர்மிஷன்ஸ். பயனரின் விவரங்களைத் திரட்டி வெளியே அனுப்புகிறீர்களா என்று சொல்லும் இடம். 2025 நவம்பர் 3 முதல் புதிய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். நம்முடையது எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அதற்குள் ரெக்வயர்ட் என்ற பட்டியலில், எதுவும் இல்லை என்று பொருள்படும் நன் என்ற ஒரே சொல்.

ஜேசன் கோப்பு காற்புள்ளி விஷயத்தில் கறார். பட்டியலின் கடைசி உருப்படிக்குப் பிறகு காற்புள்ளி வந்தால் கோப்பே செல்லாது. வளைந்த மேற்கோள் குறியும் செல்லாது, நேரானதுதான் வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பவை

பாப்அப்.எச்டிஎம்எல்லில் நான்கு உள்ளீட்டுக் கட்டங்கள், ஒரு பொத்தான், விடை காட்ட ஓர் இடம். வழக்கமான வலைப்பக்கம்தான். ஒரே ஒரு வேறுபாடு. வகுப்பில் ஸ்கிரிப்டை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதியிருப்பீர்கள், பொத்தானில் ஆன்கிளிக் என்று வைத்திருப்பீர்கள். எக்ஸ்டென்ஷனில் இரண்டும் ஓடாது. பாதுகாப்புக்காகப் பிரவுசர் அதைத் தடுத்துவைத்திருக்கிறது. திரையில் எதுவும் சொல்லாது, பொத்தானை அழுத்தினால் சும்மா இருக்கும். ஸ்கிரிப்ட் முழுவதையும் பாப்அப்.ஜேஎஸ்ஸில் வைத்து, எச்டிஎம்எல்லில் ஸ்கிரிப்ட் குறியின் எஸ்ஆர்சியில் அதன் பெயரைக் கொடுத்து இணையுங்கள். பொத்தானுக்கு ஆட் ஈவன்ட் லிசனர்.

கணக்கிலேயே ஒரு பொறி இருக்கிறது. உள்ளீட்டுக் கட்டத்திலிருந்து வருவது எண்ணாகத் தெரிந்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்துச் சரம். முற்பகல் 42 கிலோ, பிற்பகல் 31 கிலோ என்று போட்டுக் கூட்டினால் 73 வராது, 4231 வரும். கழிவு பத்து சதவீதம், விலை கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,314 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 76,158 ரூபாய் காட்டும். இங்கே தப்பு பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. ஆனால் பிற்பகல் கட்டத்தைக் காலியாக விட்டுச் சோதித்தால் விடை சரியாகவே வரும், தப்பு ஒளிந்துகொள்ளும். ஆகவே இரண்டு கட்டத்திலும் எண் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். இரண்டையும் நம்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். பெருக்கலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும், கூட்டலுக்கு மாற்றாது.

விடையைக் காட்ட இன்னர் எச்டிஎம்எல் வேண்டாம், டெக்ஸ்ட் கன்டென்ட் பயன்படுத்துங்கள். விவரங்களைச் சேமிக்க பிரவுசர்.ஸ்டோரேஜ்.லோக்கல்.

ரன்

டெர்மினலில் கொழுந்து கோப்புறைக்குள் போய்:

வெப்-எக்ஸ்ட் ரன் --சோர்ஸ்-டிர் சோர்ஸ்

புதிதாக ஒரு ஃபயர்ஃபாக்ஸ் சன்னல் திறக்கும். அதில் உங்கள் புக்மார்க் இருக்காது, கடவுச்சொல் இருக்காது. காணாமல் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். சோதனைக்காக ஒரு வெற்று புரொஃபைலை உருவாக்கி, அதில் உங்கள் எக்ஸ்டென்ஷனைத் தற்காலிகமாக ஏற்றியிருக்கிறது. உங்கள் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸை அது தொடவில்லை.

இனி கோப்பைத் திருத்திச் சேமித்தால் போதும், எக்ஸ்டென்ஷன் தானே மீண்டும் ஏறிவிடும். ஏறாதது போலத் தோன்றினால் டெர்மினலில் ஆர் என்ற எழுத்தை அழுத்துங்கள். நிறுத்த கன்ட்ரோல் சி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கோப்பைக் கையால் ஏற்றி இறக்கும் வேலை இல்லை என்பதாலேயே இந்தக் கருவியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தச் சொல்வேன். எல்லாம் முடிந்த பிறகு பொட்டலம் கட்ட மட்டும் இதை எடுப்பவர்கள் இதன் பாதிப் பலனை இழக்கிறார்கள்.

பெட்டிக்குள் பிழை வந்தால் வழக்கமான கன்சோலில் தெரியாது. கட்டளையோடு --பிரவுசர்-கன்சோல் என்று சேர்த்தால் அதற்கான சன்னலும் கூடவே திறக்கும்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: நேற்றுச் சேமித்த எடை இன்று காணோமே? ஸ்டோரேஜ் நிரல் தப்பு என்று நினைத்து அதையே கிளறிக்கொண்டிருப்பார்கள். நிரல் சரியாகத்தான் இருக்கும். ரன் ஒவ்வொரு முறையும் புது புரொஃபைல் உருவாக்குகிறது, பழைய புரொஃபைலோடு பழைய எடையும் போய்விட்டது. விவரம் நிலைத்திருக்கிறதா என்று பார்க்க --ஃபயர்ஃபாக்ஸ்-புரொஃபைல் என்று கொடுத்து ஒரு கோப்புறையைக் காட்டுங்கள், கூடவே --புரொஃபைல்-கிரியேட்-இஃப்-மிஸ்ஸிங், --கீப்-புரொஃபைல்-சேஞ்சஸ் இரண்டும். கடைசியில் சொன்னதைச் சோதனைக்கென்று வைத்திருக்கும் புரொஃபைலில் மட்டும் பயன்படுத்துங்கள். அன்றாடம் வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் போகும் புரொஃபைலில் வேண்டவே வேண்டாம், சோதனைக்காகத் தளர்த்தப்பட்ட பாதுகாப்பு அமைப்புகள் அதில் அப்படியே தங்கிவிடும்.

லின்ட்

வெப்-எக்ஸ்ட் லின்ட் --சோர்ஸ்-டிர் சோர்ஸ்

மேனிஃபெஸ்ட்டையும் நிரலையும் படித்து எரர், நோட்டீஸ், வார்னிங் என்று மூன்று எண்ணிக்கை சொல்லும். எரர் சுழியமாக இருந்தால்தான் கையொப்பத்துக்குப் போக முடியும். வார்னிங் இருந்தாலும் போகலாம், ஆனால் என்னவென்று படித்துவிட்டுப் போங்கள். இன்னர் எச்டிஎம்எல்லுக்கு ஒரு மாறியைக் கொடுத்திருந்தால் இங்கே வார்னிங் வரும். முன்பே டெக்ஸ்ட் கன்டென்ட் என்று சொன்னது அதற்காகத்தான். வெளித் தளத்திலிருந்து ஸ்கிரிப்டை இழுத்து ஓட்டுவதும் ஏற்கப்படாது, தேவையான நூலகத்தைக் கோப்பாக உள்ளேயே வையுங்கள். நெட் இல்லாத வீட்டில் ஓட வேண்டிய நமக்கு அதுவே நல்லது.

பில்ட்

எக்ஸ்டென்ஷன் என்பது ஒரு ஜிப் கோப்புதான். அப்படியானால் கையாலேயே ஜிப் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் பெரும்பாலோர் கோப்புறையை வலது கிளிக் செய்து ஜிப் செய்வார்கள். ஜிப்பைத் திறந்தால் முதலில் ஒரு கோப்புறை, அதற்குள் மேனிஃபெஸ்ட் என்று ஒரு படி உள்ளே போய்விடும். மேனிஃபெஸ்ட் ஜிப்பின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் இது எக்ஸ்டென்ஷனே இல்லை, பழுதான கோப்பு என்று ஃபயர்ஃபாக்ஸ் சொல்லிவிடும்.

வெப்-எக்ஸ்ட் பில்ட் --சோர்ஸ்-டிர் சோர்ஸ்

இது சரியான அமைப்பில் கட்டி, வெப்-எக்ஸ்ட்-ஆர்ட்டிஃபாக்ட்ஸ் என்ற கோப்புறையில் வைக்கும். நோட் மாட்யூல்ஸ், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள், பழைய ஜிப்கள் ஆகியவற்றைத் தானே விட்டுவிடும். மற்றது எல்லாம் உள்ளே போகும். சீட்டு ஃபோட்டோவைச் சோர்ஸுக்கு வெளியே வைக்கச் சொன்னது இதனால்தான். உங்கள் வீட்டு வங்கிப் புத்தகத்தின் படம் ஒன்று தவறி உள்ளே கிடந்தால் நிறுவும் ஒவ்வொருவர் கணினிக்கும் அதுவும் சேர்ந்து போகும். கட்டியதும் ஜிப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒரு கோப்பைத் தவிர்க்க வேண்டுமென்றால் --இக்னோர்-ஃபைல்ஸ் இருக்கிறது.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கும். பொட்டலத்தின் கோப்புப் பெயரை மேனிஃபெஸ்ட்டில் இருக்கும் பெயரிலிருந்துதான் கருவி எடுக்கிறது. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு தவிர்த்த எல்லாவற்றையும் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. கொழுந்துக் கணக்கு என்பது முழுக்கத் தமிழ் என்பதால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடும் அதன்பின் பதிப்பெண்ணும் மட்டுமே நிற்கும். எக்ஸ்டென்ஷனுக்குள் பெயர் தமிழிலேயே பத்திரமாக இருக்கிறது, கோப்புப் பெயர்தான் இப்படி. --ஃபைல்நேம் என்று கொடுத்து ஆங்கில எழுத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

அதே பதிப்பை மீண்டும் கட்டினால் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடும். --ஓவர்ரைட்-டெஸ்ட் சேர்த்தால் மேலெழுதும். இதில் டெஸ்ட் என்பது சோதனை அல்ல, டெஸ்டினேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்து.

ரியாக்ட், வீட் போன்றவற்றில் எழுதுபவர்கள் மூல நிரலை அல்ல, பில்ட் செய்து வந்த டிஸ்ட் கோப்புறையைச் சோர்ஸ்-டிராகக் காட்ட வேண்டும். மேனிஃபெஸ்ட்டும் அங்கே இருக்க வேண்டும். அப்படிச் சுருக்கிய நிரலைக் கையொப்பத்துக்கு அனுப்பும்போது மூலத்தையும் --அப்லோட்-சோர்ஸ்-கோட் வழியாகக் கொடுக்க வேண்டிவரும். முதல் முயற்சிக்கு வெறும் ஜாவாஸ்கிரிப்டே போதும்.

சைன்

2016இல் வந்த 48ஆம் பதிப்பிலிருந்து, எல்லோரும் பயன்படுத்தும் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸில் மோசில்லாவின் கையொப்பம் இல்லாத எக்ஸ்டென்ஷனை நிரந்தரமாக நிறுவ முடியாது. அபவுட் டீபக்கிங் பக்கம் வழியாகத் தற்காலிகமாக ஏற்றலாம், ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறந்தால் போய்விடும். அப்பா கணினியில் நிலைத்திருக்க வேண்டுமென்றால் கையொப்பம் வேண்டும். கட்டணம் கிடையாது.

ஆட்ஆன்ஸ் டாட் மோசில்லா டாட் ஆர்க் என்ற தளத்தில் மோசில்லா கணக்கு தொடங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைச் செயல்படுத்துங்கள். டெவலப்பர் பகுதியில் ஏபிஐ சாவிகளை உருவாக்கும் பக்கம் இருக்கிறது. அங்கே இரண்டு கிடைக்கும்: ஒன்று இஷ்யூவர், மற்றது சீக்ரெட். இந்த இரண்டும் உங்கள் பெயரில் எக்ஸ்டென்ஷன் வெளியிடும் உரிமை. நிரலுக்குள் எழுதாதீர்கள், கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் "இதைப் போட்டுப் பாருங்க" என்று அனுப்பாதீர்கள். பலர் வந்துபோகும் கணினி மையத்தில் வேலை செய்தால் அங்கே சேமித்துவிட்டும் வராதீர்கள். யாருக்காவது தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அதே பக்கத்தில் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கலாம். இஷ்யூவரை வெப் எக்ஸ்ட் ஏபிஐ கீ, சீக்ரெட்டை வெப் எக்ஸ்ட் ஏபிஐ சீக்ரெட் என்ற பெயர்களில் கணினியின் என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்தால் கட்டளையில் தட்ட வேண்டியதில்லை. இந்த இரண்டு பெயர்களும் பெரிய எழுத்தில், இடைவெளிக்கு அடிக்கோடு போட்டு.

வெப்-எக்ஸ்ட் சைன் --சோர்ஸ்-டிர் சோர்ஸ் --சேனல் அன்லிஸ்டட்

சேனல் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். லிஸ்டட் என்றால் மோசில்லாவின் தளத்தில் எல்லோரும் தேடி எடுக்கும்படி இடம்பெறும். அன்லிஸ்டட் என்றால் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை நீங்களே விநியோகிக்கலாம். ஒரு ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு), ஒரு குடும்பத்துக்கு, ஒரு கொள்முதல் மையத்துக்கு என்று செய்வதற்கு அன்லிஸ்டட்தான் பொருத்தம். உலகுக்கே அறிவித்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றில்லை.

கோப்பு மேலேறி, தானியங்கிச் சோதனை நடந்து, பெரும்பாலும் சில நிமிடங்களில் எக்ஸ்பிஐ என்று முடியும் கோப்பு ஆர்ட்டிஃபாக்ட்ஸ் கோப்புறையில் வந்து விழும். நடுவில் நெட் அறுந்தால் உடனே மறுபடியும் கட்டளையைத் தட்டாதீர்கள். முதலில் டெவலப்பர் பக்கத்தைத் திறந்து அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சேர்ந்திருந்தால் கையொப்பமிட்ட கோப்பை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஒரு பதிப்பெண்ணை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். நிரலில் ஒரு எழுத்தை மாற்றி அனுப்பினாலும் 1.0.1 என்று ஏற்றியாக வேண்டும்.

கையில் கொடுப்பது

எக்ஸ்பிஐ கோப்பை பென் டிரைவில் எடுத்துப் போய் ஃபயர்ஃபாக்ஸ் சன்னலில் இழுத்துப் போட்டால் நிறுவட்டுமா என்று கேட்கும். அல்லது ஆட்ஆன்ஸ் பக்கத்தில் பற்சக்கர ஐகானை அழுத்தினால் கோப்பிலிருந்து நிறுவும் வாய்ப்பு இருக்கிறது. நிறுவிக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல் அவரையே ஒரு நாள் கணக்கைப் போடச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். ஈரக் கழிவைச் சதவீதமாகப் போடுவாரா, கிலோவாகவே போடுவாரா என்பது அப்போதுதான் தெரியும்.

தோட்டத்துக்காரர்கள் பலருக்குக் கணினியைவிட ஃபோன்தான் பழக்கம். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரிலிருந்து எக்ஸ்டென்ஷன்களுக்குப் பரவலாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. சோதிக்க, ஃபோனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளிலும் யூஎஸ்பி வழியாகப் பிழைதிருத்தும் வாய்ப்பை இயக்கிக் கேபிளில் இணைத்து, ரன் கட்டளையோடு --டார்கெட் ஃபயர்ஃபாக்ஸ்-ஆண்ட்ராய்டு என்று கொடுக்க வேண்டும். கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு ஃபோனோடு பேசும் கருவியான ஏடிபியைக் கணினியில் நிறுவியிருக்க வேண்டும். கட்டளைக்கு ஃபோனின் அடையாள எண்ணும் தேவை, ஏடிபி டிவைசஸ் என்று தட்டினால் அது கிடைக்கும். ஃபோனில் நம் பெட்டி முழுப் பக்கமாகத் திறக்கும், ஆகவே அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபோன்காரர்கள் நிறையப் பேர் என்றால் லிஸ்டட் வழியில் போவது அவர்களுக்கு எளிது. அதற்கு மேனிஃபெஸ்ட்டில் கெக்கோ ஆண்ட்ராய்டு என்ற பகுதியும் சேர்க்க வேண்டும்.

குரோம் வைத்திருப்பவர்களுக்கு? ரன் கட்டளைக்கு --டார்கெட் குரோமியம் கொடுத்துச் சோதிக்கலாம், நம் சின்னக் கணக்கு அங்கேயும் ஓட அதிக மாற்றம் தேவைப்படாது. ஆனால் வெப்-எக்ஸ்ட் தரும் கையொப்பம் ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டுமே. குரோம் வெப் ஸ்டோரில் ஐந்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, ஜிப்பைத் தனியாக ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, புதுப்பித்தல். லிஸ்டட் எக்ஸ்டென்ஷன் தானே புதுப்பித்துக்கொள்ளும். அன்லிஸ்டட் அப்படிச் செய்யாது. கெக்கோவுக்குள் அப்டேட் யூஆர்எல் என்று ஒரு முகவரி கொடுத்து, அந்த எச்டிடிபிஎஸ் முகவரியில் புதிய பதிப்பின் விவரம் அடங்கிய ஒரு ஜேசன் கோப்பை வைத்தால் அதைப் பார்த்து ஃபயர்ஃபாக்ஸ் புதுப்பிக்கும். அப்டேட் யூஆர்எல் சேர்த்த பிறகு லின்ட் ஓட்டும்போது --செல்ஃப்-ஹோஸ்டட் என்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதை எரராகக் காட்டும். நான்கைந்து வீடுகள்தான் என்றால் இவ்வளவும் வேண்டாம். புதிய எக்ஸ்பிஐயைப் பழையதன் மேலேயே நிறுவினால் போதும், ஐடி அதேதான் என்பதால் சேர்த்துவைத்த எடைகள் அப்படியே இருக்கும்.